ஒரு சனிக்கிழமை ஏறியவர்

மலையில் பிறந்தவர்கள் உண்டு. மலையில் வேலை செய்பவர்கள் உண்டு. நேர்த்திக்கடன் வைத்து மலையேறுகிறவர்களும் உண்டு. இந்த மூன்று கூட்டத்தாலும் ஊருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. தொந்தரவெல்லாம் நாலாவது இனத்தால்தான். வாழ்க்கையில் ஒரேயொரு சனிக்கிழமை, ஏதோ ஒரு வெளிநாட்டு மலையில், மழைக்குள் ஏறிவிட்டு, அதற்குப் பிறகு மனதளவில் கீழே இறங்காமலே சீவிக்கிறவர்கள் இவர்கள்.

நீங்கள் இவரைக் கண்டிருப்பீர்கள். இத்தாலியில், பலெர்மோவில் என்றால் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்கு முன்னால் நிற்பார். ஒக்ரோபர் வெயிலுக்கு நகரமே அரைக்கைச் சட்டையோடு திரியும்போது, இவர் மட்டும் கழுத்துவரை இழுத்துப் பூட்டிய நீல மழை ஜக்கெற்றுக்குள் நின்று வேர்ப்பார். கையில் இரண்டு ஊன்றுதடி. முதுகில் ஒரு பை. அந்தப் பை நனையாமல் இருக்க அதற்கு மேலே இன்னொரு பை. நெஞ்சில் தொங்கும் பிளாஸ்ரிக் உறைக்குள் வரைபடம், கழுத்தில் விசில். இவ்வளவும் எதற்கு? பஸ் ஏறுவதற்கு.

எங்கள் ஆளின் பெயர் சிறீஸ்கந்தராசா. வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் உள்ள ஒரு பழைய மாடிக் கட்டடத்தைக் கூட்டித் துடைத்துப் பார்த்துக்கொள்வது அவரது வேலை. திங்கள் முதல் சனிவரை முதலாம் மாடிக்குக்கூட லிப்டில்தான் போவார். லிப்ட் பழுதென்றால் முதலாம் மாடி அன்று கூட்டப்படாது. ஞாயிறு வந்தால் இதே மனிதர்தான் ஐந்தாறு பேரை வரிசையில் நிறுத்தி, "பருத்தி உடுப்பு ஆரும் போட்டிருக்கிறியளோ? மலையிலை பருத்தி ஆளைக் கொல்லும்" என்று ஒவ்வொருவரின் சட்டையாகத் தொட்டுப் பார்ப்பார்.

இதையெல்லாம் ஒரு பக்கமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பவள் அவர் மனைவி இராசேஸ்வரி. கதைக்கக் கூச்சப்படுகிறவள். நாலு பேர் கூடினால் ஐந்தாவது ஆளின் முதுகுக்குப் பின்னால் நிற்பாள். கதையாதவர்களுக்குப் பார்ப்பதற்கு நிறைய நேரம் கிடைக்கும். இருபத்திரண்டு வருடமாக அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நோய் தொற்றிய நாளையும் அவள்தான் பார்த்தாள். மூன்று வருடத்துக்கு முன் கிளாஸ்கோவில் இருக்கிற சிறீஸ்கந்தராசாவின் தம்பி ரஜீவன் வீட்டுக்கு இருவரும் போயிருந்தார்கள். அங்கே சனி ஞாயிறு வந்தால் சனம் வீட்டில் இராது. நாயையும் தேத்தண்ணிப் பிளாஸ்கையும் காரில் ஏற்றிக்கொண்டு, மழை எங்கே கூடப் பெய்கிறது என்று பார்த்து, அங்கே போய் மலை ஏறும். மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட மலை மட்டும் இருநூற்றெண்பத்திரண்டு இருக்கிறதாம். ஒவ்வொன்றாக ஏறி, பட்டியலில் கோடு கீறி, எல்லாம் முடிந்தபிறகு சிலர் திரும்பவும் ஒன்றிலிருந்து தொடங்குவார்களாம். இதை ரஜீவன் சொன்னபோது சிறீஸ்கந்தராசாவின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. இராசேஸ்வரி அதைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

அந்தச் சனிக்கிழமை ரஜீவன் இவர்களையும் மலைக்குக் கூட்டிப்போனான். இரண்டு மணித்தியாலம் சேற்றுக்குள் நடந்தார்கள். செம்மறி ஆடுகள், இவர்கள் எந்த ஊர் என்பதுபோலப் பார்த்தன. பிறகு முகில் இறங்கியது. பக்கத்தில் நிற்கிற புருசனே தெரியாத முகில். அதற்குள் ஒரு கற்குவியலில் சிறீஸ்கந்தராசாவின் கால் இடித்தது.

"இதுதான் உச்சி."

"அண்ணை, இன்னும் கொஞ்சம்..." என்று ரஜீவன் தொடங்கினான்.

"ராசேஸ், படத்தை எடும்."

எடுத்தாள். அந்தப் படம் இப்போது வீட்டு முன்னறையில், ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிக் கொழுவியிருக்கிறது. முழுக்க வெள்ளை. நடுவில் நீலமாக ஒரு கோடு. அந்தக் கோடுதான் அவர். உச்சியா, அரைவழியா என்று இராசேஸ்வரி இன்றுவரை கேட்டதில்லை. அவரின் கணக்கில் ஒன்று முடிந்தது, இன்னும் இருநூற்றெண்பத்தொன்று கிடக்கிறது.

அதற்குப் பிறகு பலெர்மோவில் எது நடந்தாலும் ஸ்கொட்லாந்தில் அது வேறு மாதிரி. ஸ்கொட்லாந்திலை காத்து இப்பிடி அடியாது, பக்கவாட்டிலை அடிக்கும். ஸ்கொட்லாந்திலை நுளம்பு கண்ணுக்குத் தெரியாது, கடிதான் தெரியும். ஸ்கொட்லாந்திலை மலையிலை எதிர்ப்படுகிற எல்லாரும் வணக்கம் சொல்லுவினம். இந்தக் கடைசிப் பழக்கத்தை அவர் மொந்தே பெல்லெக்ரினோ மலையிலும் நடைமுறைப்படுத்தினார். எதிரே வந்த ஒரு சின்யோருக்கு, இரண்டு தடியையும் உயர்த்தி, வாய் நிறையச் சிரித்து, "போன்ஜோர்னோ!" என்றார். அந்த மனிதர் கையை ஆட்டி, "வேண்டாம், வேண்டாம், நான் தடி ஒன்றும் வாங்கமாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே விலகி நடந்தார்.

இப்படிப்பட்டவரோடு போன ஞாயிறும் ஏன் போனாள் இராசேஸ்வரி? அன்றைக்கென்று பார்த்து அவளுக்கு ஒரு பெரிய வேலை இருந்தது. அவள் வீட்டுவேலை செய்கிற சின்யோரா மொனிகா மாலை நாலே காலுக்கு டாக்சி பிடித்து விமான நிலையம் போகிறாள். மகளிடம் போனால் ஒரு மாதத்துக்குத் திரும்பமாட்டாள். போகுமுன் இராசேஸ்வரியின் வேலைப் பத்திரத்தில் கையெழுத்து வைக்கவேண்டும். செவ்வாய்க்கிழமை குவெஸ்தூரா பொலிஸ் அலுவலகத்தில் பெர்மெசோ, அதாவது வதிவிட அனுமதி, புதுப்பிக்கிற நாள். அந்த நாள் கிடைக்கவே நாலு மாதம் எடுத்தது. பத்திரம் இல்லாமல் அங்கே போய் என்ன செய்வது, மலைப் படத்தைக் காட்டுவதா?

"உமக்கேன் பயம்?" என்றார் சிறீஸ்கந்தராசா. "மூண்டு மணிக்குக் கீழை இறக்கிவிடுவன். ஸ்கொட்லாந்திலை இதுக்கெல்லாம் ஒரு கணக்கு இருக்கு. இத்தினை அடிக்கு இத்தினை நிமிசம்."

அவள் போகாவிட்டால் ஏழு பேருக்கும் புட்டுப் பார்சல் யார் காவுவது என்ற கணக்கும் அதற்குள் இருந்தது. அதை அவர் சொல்லவில்லை. அவள் பத்திரத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டாள்.

ஏறும்போது ஒரு குறையும் இல்லை. மொந்தே பெல்லெக்ரினோவில் சாந்தா ரொசாலியா கோவிலுக்குப் போகிற பழைய கல்பதித்த பாதை அது. வளைந்து வளைந்து ஏறும். எந்த மதத்துக்காரருக்கும் அங்கே நேர்த்தி உண்டு. மூன்றாவது வளைவில் பின்னால் இருந்து அருள்நாயகி அக்கா வந்தாள். அறுபத்தைந்து வயது, முதியோர் இல்லத்தில் சமையல் வேலை. மகனுக்கு வேலை கிடைத்ததற்கு நேர்த்தி. செருப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, வெறுங்காலோடு, போனில் யாரையோ ஏசிக்கொண்டே ஏறினாள். சிறீஸ்கந்தராசாவுக்குப் பக்கத்தில் வந்ததும் போனைக் காதிலிருந்து எடுத்தாள்.

"என்ன தம்பி, காலுக்கு வருத்தமே? இரண்டு தடி பிடிச்சிருக்கிறாய்."

"இது மலையேறுகிற தடி அக்கா. முழங்காலுக்குப் பாரம் வராது."

"ஓமோ? எனக்குக் கொழும்பிலை நாரி எலும்பு முறிஞ்ச நேரம் ஆஸ்பத்திரியிலை ஒண்டு தந்தவை" என்றுவிட்டு, அவரைத் தாண்டிப் போய்விட்டாள். அடுத்த வளைவில் அவளின் குரல் மட்டும் கேட்டது. அதற்கடுத்த வளைவில் அதுவும் இல்லை.

"அவ வேகமாய்ப் போய்க் களைச்சுப்போவா" என்றார் சிறீஸ்கந்தராசா, மூச்சு வாங்கியபடி.

மேலே போய்ச் சாப்பிட்டார்கள். மலையில் கச்சான் கடலையும் சொக்கலேற்றும்தான் சாப்பிடவேண்டும், சோறு புட்டு கூடாது என்று ஒரு சிறு உரை நிகழ்த்தினார். நிகழ்த்திக்கொண்டே மூன்று பார்சல் முடித்தார். இறங்க எழும்பும்போது ஒன்றரை மணி. அங்கேதான் அவருக்கு ஞானம் பிறந்தது.

"வந்த பாதையாலை திரும்பிப் போறது மலைக்காரன்ரை வேலையில்லை. அது நேர்த்திக்காரற்றை பாதை. கல்லுப் பதிச்சு, கைபிடி கட்டி... ஸ்கொட்லாந்திலை இதைப் பாதையெண்டே சொல்லமாட்டினம். நாங்கள் காட்டுக்குள்ளாலை இறங்குவம். அரை மணித்தியாலம் மிச்சம்."

இராசேஸ்வரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மற்ற ஆறு பேரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அவள் வெறும் பார்சல் தாள்களை மடிக்கத் தொடங்கினாள்.

முதலில் பாதை இருந்தது. பிறகு பாதை மாதிரி ஒன்று இருந்தது. பிறகு ஆடு போன தடம். பிறகு ஆடும் போகாத இடம். பைன் மரங்களுக்கு நடுவே, நாகதாளிப் பற்றைக்கு முன்னால், ஏழு பேரும் நின்றார்கள். கீழே துறைமுகம் தெரிந்தது, கப்பல் தெரிந்தது, கப்பலில் காயப்போட்ட துவாய்கூடத் தெரிந்தது. தெரியாமல் இருந்தது அங்கே போகிற வழி மட்டும்.

கூடை நிறையக் காளானோடு ஒரு கிழவர் கடந்து போனார்.

"கேப்பமே அண்ணை?" என்றான் உமாசுதன். போருக்குத் தப்பி வன்னியிலிருந்து வந்து மீன் சந்தையில் வேலை செய்கிற பெடியன், வாய்க்காரன்.

"வரைபடம் வைச்சிருக்கிறவன் வழி கேக்கிறேல்லை."

உமாசுதனின் மனைவி கேசினி எட்டி அந்தப் பிளாஸ்ரிக் உறைக்குள் பார்த்தாள். "அண்ணை, இதிலை கடலைக் காணேல்லையே? அங்கை முன்னுக்குக் கடல் நிக்குது."

"அது... மலை வரைபடத்திலை கடல் போடமாட்டினம்."

உறைக்குள் இருந்தது ரஜீவன் கொடுத்த ஸ்கொட்லாந்து வரைபடம். அது இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவர் அதைச் சட்டென்று மறுபக்கம் திருப்பினார். மற்றவள் மணிக்கூட்டைப் பார்த்தாள். இரண்டரை. கீழே இறங்க அரை மணித்தியாலம், பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம், பிறகு நடை. இன்னும் கால் மணித்தியாலத்துக்குள் பாதையில் கால் வைக்காவிட்டால் சின்யோரா மொனிகா போய்விடுவாள்.

"ஸ்கொட்லாந்திலை வழி தவறினால் என்ன செய்வினம் அண்ணை?" என்று கேட்டான் உமாசுதன்.

"அசையக்கூடாது. ஆறு விசில் அடிக்கவேணும். ஒரு நிமிசம் பொறுத்து இன்னும் ஆறு. மீட்புப் படை ஹெலியிலை வரும்."

"ஐயோ, ஹெலிச் சத்தம் கேட்டால் நான் பத்தைக்குள்ளை விழுந்து படுத்திடுவன். பிறகு என்னை வேறை தேடவேணும்."

எல்லோரும் சிரித்தார்கள். சிறீஸ்கந்தராசா சிரிக்கவில்லை. ஆறு தடவை அடித்தார். ஒரு நிமிடம் பொறுத்தார்கள். கீழே எங்கோ ஒரு நாய் குரைத்தது. இன்னும் ஆறு அடித்தார்.

அந்த இரண்டாவது நிமிடத்தில்தான் இராசேஸ்வரிக்குக் கேட்டது. இடது பக்கம், பற்றைகளுக்கு அப்பால், தமிழ். "எடியே, நான் சொல்லுறதைக் கேள், தேங்காய்ப் பாலை முதலிலை விடாதை!" அருள்நாயகி அக்கா. நேர்த்தி முடித்து, போன் பேசிக்கொண்டே இறங்குகிறாள். ஐம்பது அடிகூட இருக்காது.

இராசேஸ்வரி கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"இந்தப் பக்கம்" என்றாள்.

குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. ஏழு பேரில் அவளையும் அவரையும் தவிர மற்ற ஐந்து பேரும் உடனே அவள் பக்கம் நகர்ந்தார்கள்.

"நில்லும்! மலையிலை குழு பிரியக்கூடாது!"

"குழு வரலாம்" என்றுவிட்டுப் பற்றைக்குள் நுழைந்தாள்.

முள் கிழித்தது. சீலை என்றால் அங்கேயே நின்றிருக்கும், நல்லகாலம் காற்சட்டை. பற்றையின் மறுபக்கம் கால் வைத்த இடத்தில் கல்பதித்த பாதை இருந்தது. அருள்நாயகி அக்கா போனைக் கீழே இறக்கி, பற்றைக்குள் இருந்து ஒவ்வொருவராக வெளியே விழுகிறவர்களைப் பார்த்தாள்.

"அப்ப நீங்களே விசில் அடிச்சது? நான் ஆரோ பஸ்சுக்குச் சைகை குடுக்கினமாக்கும் எண்டு ஓடி வாறன்."

கடைசியாக வந்த சிறீஸ்கந்தராசா தடியில் குத்துப்பட்ட இலையைத் தட்டினார். "நானும் உந்தப் பக்கம்தான் நினைச்சனான்" என்றார்.

இராசேஸ்வரி அதைக் கேட்க நிற்கவில்லை. நாலு மணி ஆறு நிமிடத்துக்குச் சின்யோரா வீட்டு வாசலில் நின்றாள். டாக்சி வந்து நின்றது, பெட்டி வெளியே இருந்தது. சின்யோரா மொனிகா அந்தப் பெட்டியின் மேலேயே பத்திரத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு இராசேஸ்வரியின் தலையிலிருந்து ஒரு பைன் இலை ஊசியை எடுத்து, "எங்கே போய் வந்தாய்?" என்று கேட்டாள்.

வழக்கமென்றால் இராசேஸ்வரி சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வாள்.

"மலைக்கு" என்றாள். "வழி தவறிவிட்டார்கள். நான்தான் கொண்டுவந்து சேர்த்தேன்."

அவ்வளவுதான் சொன்னாள். டாக்சி போய்விட்டது. ஆனால் சொல்லிப் பார்த்தபோது அந்த வசனம் வாய்க்கு நன்றாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை குவெஸ்தூரா வரிசையில் பக்கத்தில் நின்ற பெண்ணுக்குச் சொன்னாள். ஐம்பது அடி இருநூறு அடியாகியிருந்தது. பெர்மெசோ வேலை சுகமாக முடிந்தது. வியாழன் பின்னேரம் கேசினி வீட்டில் சொன்னபோது பற்றை காடாகிவிட்டது. "அண்டைக்கு நான் மட்டும் இல்லாட்டி..." என்று தொடங்கினாள். கேசினி புருசனைப் பார்த்தாள். உமாசுதன் மெதுவாக எழும்பித் தேத்தண்ணி போடப் போனான். சனிக்கிழமை கிளாஸ்கோவுக்குப் போன் எடுத்து ரஜீவனுக்குச் சொன்னாள். "தம்பி, ஸ்கொட்லாந்திலை பாருமன், முகில் எண்டால் முகில்தான். இஞ்சை அப்பிடியில்லை. இஞ்சை எல்லாம் தெரியும், அதுதான் ஆபத்து." பின்னால் கதிரையில் இருந்த சிறீஸ்கந்தராசா பத்திரிகையைக் கொஞ்சம் கீழே இறக்கி மனைவியைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தில் முதல்தடவையாக, பார்த்துக்கொண்டிருக்கிற வேலை அவருக்கு வந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களுக்கு மலையும் வேண்டாம், முகிலும் வேண்டாம் என்று நினைக்கிறீர்கள். இந்த இனத்தைக் கண்டுபிடிக்க ஜக்கெற்றைப் பார்க்கத் தேவையில்லை, ஒரு சின்னக் கேள்வி போதும். கடைசியாக எந்த ஊருக்குப் போய்வந்தீர்கள், அங்கே எப்படி?

பார்த்தீர்களா, வாயைத் திறந்துவிட்டீர்கள்.