ஒன்றரைச் சுற்று

ஞாயிற்றுக்கிழமை காலை என் மோட்டார் சைக்கிள் ஓடவில்லை. கெடுத்தது நான்தான்.

காரணம் சகலை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். அன்று மதியம் அவர் வீட்டில் சாப்பாடு. சாப்பாடு பரவாயில்லை. கூடவே அவர் இருப்பார். புதுக் கார் வாங்கியிருக்கிறார். அதன் கதவு சாத்தும் சத்தத்தைக் கேட்கவைப்பதற்கென்றே ஆள் கூப்பிடுவார். பிறகு என் வண்டியைப் பார்த்து, "இன்னும் இது ஓடுதா அண்ணே?" என்பார். சாவு வீட்டில், "எப்ப எடுக்கறாங்க?" என்று கேட்கும் அதே குரல்.

ஓடாவிட்டால் போக வேண்டாமே என்று தோன்றியது.

வண்டி பழையது. கார்ப்பரேட்டரின் பக்கவாட்டில் ஒரு பித்தளைத் திருகாணி. என்ஜினுக்கு எவ்வளவு காற்று என்பது அதன் கையில். முழுக்க உள்ளே திருகி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தால் தையல் மெஷின் மாதிரி ஓடும். உள்ளேயே விட்டால் மூச்சு முட்டிச் சாகும். சனிக்கிழமை சாயங்காலம் உள்ளே திருகினேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

மறுநாள் என் மனைவி கைப்பையோடு வாசலில் வந்து நின்றாள். உதைத்தேன். வண்டி இருமியது, புகைந்தது, நின்றது. மறுபடி உதைத்தேன். அதே இருமல். முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டேன்.

"என்னாச்சு?"

"கார்ப்பரேட்டர்."

"டாக்ஸி சொல்லட்டுமா?"

இதற்குப் பதில் தயாராக இருந்தது. "இதை இப்படியே போட்டுட்டு வர முடியாது. பிரிச்சுக் கழுவணும். சாயங்காலம் ஆயிடும். நீ வேணா போயிட்டு வா."

"நீங்க இல்லாமலா? பிரிங்க. நான் பாக்கறேன்."

முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் நான் வண்டி துடைப்பதைக்கூட அவள் நின்று பார்த்ததில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

உறைக்கவில்லை. பிரித்தேன். பித்தளைத் திருகாணியை மட்டும் தொடவில்லை. அதைக் கடைசியில் கமுக்கமாகச் சரிசெய்துகொள்ளலாம்.

"இது என்ன?"

"ஜெட். இதோட ஓட்டை வழியாத்தான் பெட்ரோல் போகும்."

"இந்தத் தக்கை மாதிரி?"

"மிதவை."

"இந்தக் குட்டி ஊசி?"

"அதுதாண்டி உயிரு. கிண்ணத்துல பெட்ரோல் நிறைஞ்சா மிதவை மேல வரும். ஊசி போய் வழியை அடைக்கும். ஊசி இல்லேன்னா பெட்ரோல் தரையில ஓடும்."

"கடையில கிடைக்குமா?"

"இந்த வண்டிக்கா? இப்ப எவன் செய்யறான்! இது போச்சுன்னா வண்டியே போச்சு."

"அடேயப்பா. எவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்கீங்க!"

பாராட்டு. என் வீட்டில். எனக்கு. இரண்டு காதும் சூடேற, திரும்பி உட்கார்ந்து ஜெட்டை வாயால் ஊதினேன். அவள் எழுந்து காபி போட உள்ளே போனாள். யாருக்கோ போன் பேசினாள். போகட்டும், வர முடியாது என்று சொல்லியிருப்பாள்.

எல்லாவற்றையும் கழுவி மாட்ட உட்கார்ந்தேன். ஊசியைக் காணோம்.

விரித்திருந்த செய்தித்தாளை உதறினேன். சட்டைப்பையைக் கவிழ்த்தேன். தரையில் தவழ்ந்தேன். வாய்விட்டுக் கேட்கவும் முடியாது. திருடனுக்குத் தேள் கொட்டிய கதை. பொய்க்குப் பிரித்த வண்டி நிஜமாகவே செத்துக் கிடந்தது. பழைய இரும்புக்காரன் அதைத் தள்ளிக்கொண்டு போவது கண்ணில் தெரிந்தது.

"என்ன தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல. முதுகு பிடிச்சுக்கிச்சு."

"அதுக்கு முக்காலிக்கு அடியிலயா போவாங்க?"

வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

"என்ன அண்ணே, வண்டி படுத்துடுச்சாமே! அக்கா போன்ல சொன்னாங்க. நீங்க வர முடியலேன்னா என்ன, சாப்பாட்டையும் எடுத்துக்கிட்டு நாங்களே வந்துட்டோம். ராத்திரி வரைக்கும் எனக்கும் வேலை இல்லை."

பின்னால் மச்சினி, கையில் பாத்திரங்கள். சகலை சட்டைக் கையை மடித்து முக்காலியில் உட்கார்ந்தார். "நானும் இதே வண்டிதான் வெச்சிருந்தேன். ஊசி எங்கே?"

நான் வானத்தைப் பார்த்தேன். என் மனைவி கைப்பையைத் திறந்தாள். கைக்குட்டையில் முடிந்து, பத்திரமாக, ஊசி.

"உன்கிட்டயா இருந்துச்சு!"

"நீங்க மாட்டி முடிச்சிருந்தா, இவங்க வர்றதுக்குள்ள வண்டியை எடுத்துக்கிட்டு ஓடியிருப்பீங்களே."

சகலை ஊசியைப் போட்டார். மிதவையைப் பொருத்தினார். கிண்ணத்தை மூடினார். கார்ப்பரேட்டரை வண்டியில் மாட்டிவிட்டுத் திருகாணியில் திருப்புளியை வைத்தவர் நிமிர்ந்தார்.

"அண்ணே, இது முழுக்க உள்ள இருக்கே. யாரோ வேணும்னே திருகின மாதிரி?"

என் மனைவி முந்திக்கொண்டாள். "நேத்து சாயங்காலம் சமையல்கட்டு ஜன்னல் திறந்துதான் இருந்துச்சு."

மச்சினி பாத்திரத்துக்குப் பின்னால் சிரித்தாள். சகலை மட்டும் சிரிக்கவில்லை. ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தார். உதைத்தார். ஒரே உதை. தையல் மெஷின்.

"பழைய வண்டி, அண்ணே. அடிக்கடி பாக்கணும்," என்றார். "இனி ஞாயித்துக்கிழமை தவறாம வந்துடறேன்."

"வாங்க வாங்க," என்றாள் அவள்.

வண்டி இப்போது பிரமாதமாக ஓடுகிறது. யார் சரிசெய்தது என்று தெருவே கேட்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறேன்: என் சகலை.