பேரின்பநாயகம் இருமுறை தாள் புரட்டிய வீரம்

வாழி, பேரின்பநாயகம். தூசிக் குலத்தின் காலன், பித்தளைக் கைப்பிடிகளுக்கு ஒளி வழங்கும் வள்ளல், மூன்று மாடிப் படிகளையும் ஒரே மூச்சில் கூட்டித் தள்ளும் தும்புத்தடித் தனிவேந்தன், யாழ்ப்பாணத்து உரும்பிராயில் தோன்றிச் சிசிலித் தீவின் பாலெர்மோவில் புகழ் விளைத்த ஆண்சிங்கம், ஆறடிக்கு அரையடியே குறைந்த நெடுவரை, வாழி. அவன் வென்ற போரைச் சொல்லப் புகுகிறேன். கேட்பவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். தொண்ணூற்றாறாம் ஆண்டு மே மாதத்து ஞாயிறொன்றில், மாலை ஐந்து மணிக்குத் தொடங்கி ஐந்து மணி ஆறு நிமிடத்துக்கு முடிந்துபோன அப்பெரும்போரில் குருதி சிந்தவில்லை. வியர்வை சிந்தியது, அதுவும் ஒரே ஒருவருக்கு.

போர்க்களம் எதுவென்றால், சீசாப் பகுதியில் பஸ் நிற்குமிடத்துக்கு நேர் மேலே, மூன்றாம் மாடியில், சிஞ்ஞோரா கம்மராத்தா அம்மையாரின் வரவேற்பறை. எழுபத்தெட்டு வயதுச் சிஞ்ஞோரா நாற்பதாண்டு பியானோ சொல்லிக் கொடுத்து ஓய்ந்தவர். அவர் வீட்டைத் துடைத்துப் பெருக்கிச் சமைத்துக் காப்பவன் நம் நாயகன். அவ்வறையின் சுவர்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இசைவேந்தர்கள் கண்ணாடிச் சட்டங்களுக்குள் கொலுவிருந்தனர். விரலுக்கு வலுவேற்றப் போய் விரலையே கெடுத்துக்கொண்ட ஷூமன். கையுறை ஒன்றுக்காகப் பெண்கள் அடிபட்டுக்கொண்ட லிஸ்ட். தாடிக்குள் குடியிருந்த பிராம்ஸ். முப்பத்தொன்பது வயதில் பாரிசில் இருமி மாய்ந்த சொப்பின். கத்தானியாவில் பிறந்த பெல்லினிக்கு மட்டும் குளியலறைக்குப் போகும் வழியில் இடம். சிஞ்ஞோரா பாலெர்மோக்காரியல்லவா, கத்தானியாக்காரரை அதற்குமேல் உள்ளே விடமாட்டார். இவ்வேந்தர் அனைவரின் முகத்தையும் நாள்தோறும் ஈரத்துணியால் துடைத்துவிடும் பேறு பேரின்பநாயகத்துக்கே வாய்த்திருந்தது.

ஆண்டுக்கொருமுறை மே மாதத்தில் சிஞ்ஞோரா தம் பழைய மாணவர்களை அழைத்து வாசித்துக் காட்டுவார். பதினான்கு நாற்காலி போடப்படும். பதினான்கில் ஒன்றும் நம் நாயகனுக்கு இல்லை. ஆறாண்டுகளாக அவன் அக்கச்சேரியைச் சமையலறைக் கதவிடுக்கில், பாதாம் பிஸ்கட் தட்டைக் கையில் ஏந்தி நின்றபடி, சொட்டுகிற குழாயின் பக்கவாத்தியத்தோடுதான் கேட்டு வந்தான். அந்தோ, அந்தக் குழாய்க்குத் தாளமே கிடையாது.

அவ்வாண்டு விதி கண் திறந்தது. பியானோவின் பக்கத்தில் அமர்ந்து இசைப்புத்தகத்தின் தாள்களைப் புரட்டி வந்த, பத்திரம் எழுதும் நொத்தாரிசு ஐயாவுக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. சிஞ்ஞோரா வீட்டைச் சுற்றுமுற்றும் பார்த்தார். கண்ணில் பட்டவன் ஒருவனே.

"பெரி, நீ புரட்டு. ஒழுங்காகப் போனால் இனி ஒவ்வோர் ஆண்டும் அந்த நாற்காலி உனக்கு. சொதப்பினால் பழையபடி பிஸ்கட் தட்டு. புரட்ட வேண்டிய இடத்தில் நான் தலையசைப்பேன்."

"சி, சிஞ்ஞோரா" என்று இத்தாலியத்தில் ஆமோதித்தான், இசைக்குறியில் ஓர் எழுத்தும் அறியாத அஞ்சாநெஞ்சன். அவனுக்கு அந்தப் பக்கங்கள், ஐந்து கொடிகள் கட்டி யாரோ கத்தரிக்காய் காயப்போட்டதுபோல் தோன்றின.

ஆயின் அவனிடம் ஒரு மறைபடை இருந்தது. மூன்று மாதமாக நாள்தோறும் காலை பத்து மணிக்கு, மெட்ரோனோம் பெட்டியின் டிக்டிக்குக்கு அடங்கி, சொப்பினின் வால்ஸ் ஒன்றைச் சிஞ்ஞோரா பழகிக்கொண்டிருந்தார். மூன்று மூன்றாக எண்ணிச் சுழலும் அந்த நடன இசையை, லிஸ்டின் மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்ட நம் நாயகன், இது சாட்சாத் ரூபக தாளம் என்று கண்டுகொண்டான். தட்டு, தட்டு, வீச்சு. ஆறு பக்க உருப்படி. புரட்ட வேண்டியது இருமுறை. எண்பதாவது சுற்றில் முதல் தாள், அதன்பின் எழுபத்திரண்டாவது சுற்றில் இரண்டாம் தாள். தலையசைப்பு யாருக்கு வேண்டும்?

பல்லரோச் சந்தைக்குப் பின்னாலுள்ள தன் வீட்டில் இதை அவன் பிரகடனம் செய்தபோது, அவன் மனைவி புனிதமலர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"தும்புத்தடி பிடிக்கிற கை. புத்தகத்தைக் கிழிச்சுப்போட்டு வராதேங்கோ."

"ரூபகம் தெரிஞ்சவனுக்கு எந்த ஊர்ப் பாட்டும் ஒண்டுதான், புனிதம்."

"ஓமோம். அப்ப அந்தச் சொப்பினும் ரூபகம் படிச்சவரோ?"

"படிச்சிருப்பார். பாரிசிலை எங்கடை ஆக்கள் கனபேர் இருக்கினம்."

சந்தையில் மரக்கறி விற்கும் சிவபாலன் இச்செய்தியை முருங்கைக்காய்க் கட்டோடு சேர்த்து எல்லோர் கையிலும் கொடுத்தனுப்பினான். "அண்ணை மேடையிலை ஏறப்போறார். தட்டு ஏந்தித் திரும்பி வந்தாரெண்டா, பிஸ்கட்டிலை எங்களுக்கும் கொஞ்சம் கொண்டு வருவார்." ஆதலால் அந்த ஞாயிறு, நாயகனின் மானம் இரண்டு காகிதங்களின் ஓரத்தில் தொங்கியது.

போர் தொடங்குமுன் நொத்தாரிசு ஐயா தொலைபேசியில் இரு அறிவுரைகள் வழங்கியிருந்தார்: இடக்கையால் புரட்டு, விரலை நாக்கில் நனைத்துக்கொள். இரண்டையும் நம் நாயகன் எள்ளி ஒதுக்கினான். கலைமகள் குடியிருக்கும் புத்தகத்தை இடக்கையால் தீண்டுவதா? எச்சில் படுத்துவதா? ஆகவே வலக்கை புத்தகத்துக்கு, இடக்கை தாளத்துக்கு என்று படையை இரண்டாக வகுத்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையே கவசமாக, அரியணையில் அமர்ந்தான்.

முதல் சுரம் எழுந்தது. நாயகனின் இடத்தொடையில் ரூபகம் முழங்கியது. பத்துச் சுற்று, பதினைந்து சுற்று, யாவும் நலமே. பதினாறாம் சுற்றில் பகைவன் வெளிப்பட்டான்.

அவன் பெயர் ருபாத்தோ. திருட்டு என்று பொருள். அக்காலத்து இசைவாணர்கள் ஒரு சுரத்தின் நேரத்தைக் களவாடி இன்னொரு சுரத்துக்கு ஊட்டி மகிழ்வார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயரே அது. பழகும்போது மெட்ரோனோம் பெட்டிக்கு அஞ்சி ஒளிந்திருந்த அக்கள்வன், பெட்டி மூடப்பட்டு விருந்தினர் கூடியதும் சிஞ்ஞோராவின் விரல்களில் ஏறிக் கூத்தாடினான். தட்டு வந்தது, தட்டு வந்தது, வீச்சுக்கு உயர்ந்த கை உயர்ந்தபடியே நிற்க, சுரமோ சாவகாசமாக ஊர் சுற்றிவிட்டு வந்து சேர்ந்தது. உடனே அடுத்த மூன்றும் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களைப்போல் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடின. தலையசைப்பையாவது பார்ப்போமென்றால், சிஞ்ஞோராவின் தலை காற்றில் அகப்பட்ட தென்னையாய் முதலிலிருந்தே ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது. ஆயினும் கலங்கினானா? கலங்கினான். ஆனால் எண்ணுவதை விடவில்லை.

எண்பது. எழுந்தான். தாளின் மூலையைப் பற்றினான். அக்கணமே இசை திரும்பித் தொடங்கிய இடத்துக்கே போயிற்று. பழகிய மூன்று மாதமும் ஒருநாளேனும் திருப்பி வாசிக்காத முற்பகுதியைச் சிஞ்ஞோரா சபைமுன் திருப்பி வாசித்தார். பற்றிய மூலையை விடவும் முடியாது, புரட்டவும் முடியாது. நீட்டிய கையோடு, கோயில் வாசலில் கல்லில் வடித்த காவலனாய், நாயகன் ஒன்றரை நிமிடம் நின்றான். முன்வரிசையில் பல் வைத்தியரின் மனைவி ஸ்ரெல்லா அவனை உற்றுநோக்கினாள்.

எண்ணிக்கை செத்தது. இனிக் காதே துணை. படிக்கட்டில் கோலிக்குண்டுகளைக் கொட்டியதுபோல் ஒரு சுரவரிசை இறங்கும். பழகும்போது தாள் புரண்டதும் வருவது அதுதான். அது கேட்டதும் பேரின்பநாயகம் பாய்ந்து புரட்டினான்.

புரண்டவை இரண்டு தாள்.

பக்கத்தின் அடியில் தடித்த இரட்டைக் கோடு. அதன் பொருள் எழுத்தறியாதவனுக்கும் தெரியும்: படம் முடிந்து வணக்கம் போட்டாயிற்று. பியானோவோ நடுக்காட்டில் நின்றுகொண்டிருந்தது. மீட்டுப் புரட்டிப் பார்த்தான். கச்சேரிக்கு மட்டுமே வெளியே எடுக்கும் அந்தப் பிரதியில் போன ஆண்டு நொத்தாரிசு ஐயா சிந்திய மார்சாலா மது இரு தாள்களையும் கணவன் மனைவியாக்கி வைத்திருந்தது. நகத்தால் கீறினான், பிரியவில்லை. ஊதினான், பிரியவில்லை. வழி ஒன்றே எஞ்சியது, அதுவோ பாவம். ஒருபுறம் கலைமகள், மறுபுறம் பிஸ்கட் தட்டு. தாயே பொறுத்தருள் என்று வேண்டி, சுட்டுவிரலை நாவில் தொட்டு, ஓரத்தில் வைத்து உருட்டினான் வீரன். தாள் பிரிந்தது.

பிரிந்ததும், செய்த பிழைக்கு மன்னிப்பாகப் புத்தகத்தைத் தொட்டுத் தன் இரு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான்.

சபை இதைக் கண்டது. சொப்பினின் சோகத்தில் பெரி கண்ணீர் துடைக்கிறான் என்று கொண்டது. ஸ்ரெல்லா கைக்குட்டையை எடுத்தாள். அவளைக் கண்டு பக்கத்து நாற்காலி விசும்பியது. பதினான்கு நாற்காலிகளிலும் மூக்குறிஞ்சும் ஓசை பரந்தது. அந்தப் புனல்மழையின் நடுவே, சரியான இடந்தானா என்பதைச் சொப்பினே அறிவார், நாயகன் இரண்டாம் தாளையும் தனியொருவனாகப் புரட்டி முடித்தான். இறுதிச் சுரம் இடித்தது.

எழுந்த கைதட்டலில் கீழே பஸ்ஸுக்கு நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். சிஞ்ஞோரா எழுந்து, வியர்வையில் நனைந்த வீரனின் கையைப் பற்றி உயர்த்தினார்.

"நாற்பதாண்டில் எத்தனையோ பேர் எனக்குப் புரட்டியிருக்கிறார்கள். ஒரு கணம்கூட என்னை இடறவிடாதவன் இவன் ஒருவன்தான். அந்த நாற்காலி இனிப் பெரியுடையது."

ஷூமன் நோக்க, லிஸ்ட் நோக்க, பிராம்ஸ் தாடிக்குள்ளிருந்து நோக்க, பேரின்பநாயகம் மலையென நிமிர்ந்தான். அப்போது ஸ்ரெல்லா, தாங்கள் மாணவிகளாக இருந்த காலத்துப் புகைப்படமொன்றைக் கொண்டுவந்து சிஞ்ஞோராவிடம் நீட்டினாள். சிஞ்ஞோரா அதை எட்டப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார், தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார்.

"பெரி, என் கண்ணாடியைக் கண்டாயா? மத்தியானத்திலிருந்து காணவில்லை. அது இல்லாமல் எனக்கு ஒன்றும் தெரியாது."

கண்ணாடி சமையலறையில், பிரிட்ஜுக்கு மேலே இருந்தது.