பீரோவில் ஒட்டிய ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேர்

ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டாவது ஆளைப் பீரோக் கதவில் ஒட்டிவிட்டு லேபிள்காரர் நிமிர்ந்தபோது, துணி எடுக்க வந்த மனைவி வாசலில் நின்றாள்.

"கைப்பிடி எங்கங்க?"

கைப்பிடி, சோப்புக் கடைக்காரர்களுக்கும் மெழுகுவர்த்திக் கடைக்காரர்களுக்கும் நடுவே எங்கேயோ இருந்தது. இருவரும் தடவித் தேடினார்கள். கிடைத்ததும் அவள் இழுத்தாள். நாலு தேன் வியாபாரிகள் தரையில் உதிர்ந்தார்கள்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பதினெட்டு வருஷம் ஓர் அச்சகத்தில் பாட்டில்களுக்கும் டப்பாக்களுக்கும் லேபிள் வடிவமைத்தவர். எதையும் லேபிளாக அடித்து, எங்காவது ஒட்டிப் பார்த்தால்தான் அவருக்கு மூளை ஓடும். அச்சகம் அந்தப் பிரிவை மூடிவிட, நாலு மாதமாக வீட்டில் உட்கார்ந்து, சிறு வியாபாரிகள் யாராவது சிக்குவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார். தொழில்காரர்கள் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளும் இணையதளம் ஒன்றில் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேரைச் சேர்த்து, ஆளுக்கொரு லேபிள் அடித்துப் பீரோவில் ஒட்டியும் வைத்திருந்தார். அதில் ஒருவர்கூட இதுவரை ஒரு லேபிள் கேட்டதில்லை.

மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், கணக்காகப் பேசுபவள். மாசக் கடைசிக்குள் ஒரே ஒரு கஸ்டமர் வரவேண்டும், இல்லையென்றால் தன் அப்பாவின் கடைக்குப் போகவேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

அப்பாவின் கடை மெத்தைக் கடை. அங்கே காலியாக இருந்தது ஒரே ஒரு வேலை. தெருவைப் பார்த்த கண்ணாடிக்குப் பின்னால், நீலச் சீருடையில், மெத்தைமேல் நிம்மதியாகப் படுத்துக் காட்டவேண்டும். முன்பு படுத்துக்கொண்டிருந்தவருக்குக் கல்யாணம் ஆகித் தூக்கம் போய்விட்டது. அதிலிருந்து மாமனாரின் கண் மாப்பிள்ளைமேல் இருந்தது. மாப்பிள்ளையோ, நாலு பேர் பார்க்கப் படுப்பதைவிட நிரந்தரமாகவே படுத்துவிடலாம் என்ற கட்சி.

இந்த நேரத்தில்தான், அந்த ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டாவது ஆளாக, தொழில் ஆலோசகர் ஒருவர் வந்து சேர்ந்தார். தேடிப் போகவில்லை, அவராகவே அந்த இணையதளத்தில் வந்து அறிமுகம் செய்துகொண்டார். திரையில் ஒரு சின்னச் சதுரத்தில் முகம், பின்னால் புத்தக அலமாரி. கட்டணத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிதரா என்று லேபிள்காரர் உருகிப்போனார்.

"உங்க நெட்வொர்க் அடைச்சுக்கிட்ட குழாய் மாதிரி இருக்கு சார்" என்றார் ஆலோசகர். "ஆளைக் குறைங்க. அப்பத்தான் சரியான ஆளு உள்ள வருவான்."

முதலில் உறவுக்காரர்கள். தொண்ணூற்று நாலு பேர். லேபிள்காரர் ஒவ்வொருவராக நீக்கிவிட்டு, பீரோவிலிருந்தும் உரித்தெடுத்தார். மறுநாள் மச்சினி போன் செய்து, தன்னை எந்தக் குற்றத்துக்காக விலக்கினார் என்று அக்காவிடம் அழுதாள். சித்தப்பா மகன் அழவில்லை. தனக்குத் தெரிந்த பேக்கரிக்காரர் முந்நூறு டப்பாவுக்கு லேபிள் கேட்டதாகவும், அண்ணனைத் தேடிப் பார்த்தால் காணவில்லை என்றும், வேறு ஆளைச் சொல்லிவிட்டதாகவும் மட்டும் தெரிவித்தான்.

இதைச் சொன்னபோது ஆலோசகர் கலங்கவில்லை. சுத்தம் செய்யும்போது முதலில் நாற்றம்தான் வரும் என்றார். அடுத்தது, இதே தொழில் செய்பவர்கள். எழுநூற்று இரண்டு பேர். அதில் பழைய அச்சக முதலாளியும் போனார். பழைய பழக்கத்தில் இன்னும் வருகிற சில்லறை லேபிள் வேலைகளை இவருக்குத் தள்ளிவிடலாம் என்று அவர் நினைத்திருந்தாராம். இவர் போன் செய்தபோது, "நீங்க யாருன்னு தெரியலையே" என்று மிக மரியாதையாகச் சொன்னார்.

அதற்கும் அடுத்து, முப்பது நாளாக வாய் திறக்காதவர்கள் இருநூற்று ஐம்பத்து நாலு பேர். அவர்கள் போனதில் எந்தச் சேதமும் தெரியவில்லை. அதுவே லேபிள்காரரை என்னவோ செய்தது.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாமனார் போன் செய்தார். உடம்பு எப்படி என்று கேட்பதில்லை.

"இன்னும் எத்தனை பேர் மிச்சம், மாப்பிள்ளை?"

"அறுபத்திரண்டு, மாமா."

"நல்லது, நல்லது. மேல பாருங்க."

பெண்ணைக் கொடுத்தவருக்குத்தான் எவ்வளவு அக்கறை என்று லேபிள்காரர் மனைவியிடம் சொல்லி மாய்ந்தார்.

அந்த அறுபத்திரண்டில் ஒருவர் ஆலோசகர். மற்ற அறுபத்தொரு பேரும் அசல் சிறு வியாபாரிகள்: சோப்பு, மெழுகுவர்த்தி, தேன், பிஸ்கட். பதினெட்டு வருஷப் பழக்கத்தில் அவர்கள் ஒவ்வொருவர்மேலும் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டினார். அச்சகத்தில் சிவப்புப் பொட்டு வைத்தால், எல்லாம் சரி, அச்சுக்குப் போகலாம் என்று பொருள். ஆலோசகர் வியாபாரி இல்லையே, அவருக்குப் பச்சை. பிறகு, ஆலோசகர் சொன்னபடி சிரித்த முகமாக ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ள ஸ்டுடியோவுக்குப் போனார். சிரிப்பு வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

அன்று மனைவிக்கு விடுமுறை. பாவம் மனுஷன், ஒண்டியாகக் கிடந்து அல்லாடுகிறாரே, நாமும் ஒரு கை கொடுப்போம் என்று கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். மருந்துக்கடையில் சிவப்புப் பொட்டு வைத்தால், காலாவதி, குப்பைக்குப் போகலாம் என்று பொருள். பச்சை, முன்வரிசையில் இருக்கவேண்டிய சரக்கு.

சிரித்த படத்தோடு அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது பீரோ பளபளவென்று இருந்தது. கைப்பிடி தெரிந்தது.

"அறுபத்தொண்ணையும் எடுத்துட்டேங்க" என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு பெருமை. அவருக்குக் கோபப்படக்கூட வழியில்லாமல் போயிற்று.

உடனே உட்கார்ந்து, அறுபத்தொரு பேருக்கும் ஒரே மூச்சில் மறுபடி அழைப்பு அனுப்பினார். இந்த வேகத்தில் அனுப்புவது மனிதனாக இருக்காது என்று இணையதளம் சந்தேகப்பட்டது. மனிதன்தான் என்றால், படிக்கட்டு தெரியும் கட்டங்களைத் தொட்டுக் காட்டு என்றது. லேபிள்காரர் படம் பார்த்துப் பிழைத்தவர். கைப்பிடிச் சுவர் படிக்கட்டில் சேருமா, அதன் நிழல் சேருமா என்று நுணுக்கமாக யோசித்து யோசித்துத் தொட்டார். மூன்று முறை பார்த்துவிட்டு, இணையதளம் இவர் மனிதர் இல்லை என்று தீர்மானித்து, மாசக் கடைசி தாண்டும்வரை யாருக்கும் அழைப்பு அனுப்பக்கூடாதென்று பூட்டிவிட்டது.

அவர் கட்டிலில் போய் உட்கார்ந்தார். எதிரே பீரோ. அதன் நடுவில் ஒரே ஒரு லேபிள், பச்சைப் பொட்டோடு. அந்த ஒருவருக்கே போன் செய்து நடந்ததைச் சொன்னார்.

ஆலோசகர் மனம் நிறைந்தவர்போல் மூச்சு விட்டார்.

"இப்பத்தான் சார் நெட்வொர்க் சுத்தமா இருக்கு."

மாசம் முடிந்தது. மனைவி சாப்பாட்டு டப்பாவைக் கட்டி வைத்தாள். அது போதுமானதாக இருந்தது.

மெத்தைக் கடையில் நீலச் சீருடை அச்சு எடுத்ததுபோல் அவருக்குப் பொருந்தியது. அளவு கேட்காமலே எப்படித் தைத்தார்கள் என்று யோசிக்கிற தெம்பு அவருக்கு இல்லை. படுத்ததும் காதோரம் மெத்தையின் லேபிள் உறுத்தியது. எடுத்துப் பார்த்தார், எழுத்துகள் ஓரத்தில் வெட்டுப்பட்டு, நிறம் கலங்கி, பார்க்கச் சகிக்கவில்லை. வேறு ஒன்று செய்து தரட்டுமா என்று மாமனாரிடம் கேட்டார்.

"லேபிளை யார் பாக்கிறா, மாப்பிள்ளை? நீங்க படுங்க."

படுத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாலு பேர் கூடினார்கள். அவர்களில் இரண்டு பேர் அவர் பீரோவில் இருந்தவர்கள். ஒருவர் சோப்பு, ஒருவர் தேன். அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். நிம்மதியாகத் தூங்குகிறாரே என்று வெளியே யாரோ பாராட்டினார்கள்.

கொஞ்ச நேரத்தில் பழகிய குரல் ஒன்று கேட்டது. கண்ணைத் திறந்தால், ஆலோசகர். புத்தக அலமாரி இல்லாமல், முழு உயரத்தில், மாமனாரின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். தேடி வந்து பார்க்கிறாரே மனிதர் என்று லேபிள்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் விரிப்பைச் சரிசெய்துகொண்டிருந்த விற்பனைப் பெண்ணிடம், அவர் தன்னுடைய ஆலோசகர், இந்த உலகத்தில் தனக்கென்று மிஞ்சிய ஒரே ஆள் என்று மெதுவாகச் சொன்னார்.

அவள் தலையணையைத் தட்டி அவர் தலைக்கடியில் வைத்தாள்.

"உங்க ஆலோசகரா? அவர் நம்ம முதலாளி வச்ச ஆளு சார். மெத்தையில படுக்க, வேற போக்கிடமே இல்லாத ஒரு ஆள் வேணும்னு முதலாளி கேட்டாங்க. மூணு மாசம் ஆகும்னாரு, நாலே வாரத்துல முடிச்சுக் குடுத்துட்டாரு."