நெவில் க்ராப்ட்ரீயின் வீரமரணம்

கடலில் மாடு இருக்காது என்பது நெவில் க்ராப்ட்ரீக்கு நன்றாகத் தெரியும். ஆனால் விண்கலத்தின் வட்டக் கண்ணாடிக்கு வெளியே நின்றது மாடுதான். அவருடைய பாராசூட்டின் ஒரு முனை அதன் வாயில் இருந்தது.

இங்கிலாந்தின் கார்ன்வால் கரைக்கு அப்பால் அவருக்காக ஒரு போர்க்கப்பல் காத்திருந்தது. பாண்டு வாத்தியம், இரண்டு மந்திரிகள், மேளதாளம் எல்லாம் தயார். பூமியைச் சுற்றிவிட்டு வரும் பிரிட்டிஷ்காரர் கடலில் இறங்குவார், கப்பலில் ஏறுவார், கையசைப்பார். திட்டம் அதுதான்.

நெவில் கதவைத் தள்ளித் தலையை நீட்டினார். தொப்பியும் கைத்தடியுமாக ஒரு பெரியவர் நின்றிருந்தார்.

"மாட்டை விரட்டுங்க ஐயா! அது அரசாங்கச் சொத்து!"

"மாடா?"

"பாராசூட்!"

"மாடு என்னுது. பாராசூட் என் வயல்ல கெடக்கு. யாரு சொத்துன்னு அப்புறம் பேசிக்கலாம். ஏதாச்சும் சாப்பிட்டியா தம்பி?"

"இது எந்த இடம்?"

"மேயோ."

"மேயோவா? அது அயர்லாந்துல இல்ல இருக்கு?"

"நான் பொறந்ததுலேர்ந்து அங்கதான் இருக்கு."

பெரியவர் பெயர் மார்ட்டின் காஹன். வானத்திலிருந்து ஒருவன் வெள்ளி உடையில் வந்து இறங்கியதற்கு அவர் கண்ணைக்கூட அகலத் திறக்கவில்லை. நெவிலுக்கு அது கொஞ்சம் உறுத்தியது.

ஊரில் போன் இருந்த ஒரே இடம் தபாலாபீஸ். அதை நடத்தியவள் மார்ட்டினின் தங்கை டெலியா. நெவில் வாயைத் திறக்குமுன், "லண்டனா?" என்று கேட்டபடி போனை எடுத்தாள்.

அரச விண்பயணக் கழகத்தின் செயலாளர் லாங்டேல் மறுமுனைக்கு வந்தார்.

"அயர்லாந்தா?" அவர் குரலில் அதிர்ச்சி இல்லை, சலிப்புதான் இருந்தது.

"காத்து கொஞ்சம் தள்ளிடுச்சு சார்."

"நம்ம கலம் அயர்லாந்துல விழுந்துச்சுன்னு தெரிஞ்சா அமெரிக்காக்காரன் சிரிப்பான். டப்ளின்காரன் விழுந்து பொரண்டு சிரிப்பான். கடல் எவ்வளவு தூரம்?"

"பக்கத்துலதான்."

"அப்போ கலத்தைத் தள்ளிக் கடல்ல விட்டுட்டு உள்ள உக்காந்துக்கோங்க. கப்பலை அனுப்பறேன். மூச்சு விடாதீங்க."

மார்ட்டினின் டிராக்டரில் கயிறு கட்டி இழுத்தார்கள். மேடு ஏறும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. உச்சியில் கயிறு அறுந்தது. கடல் இருந்தது மேற்கே. கலம் உருண்டது கிழக்கே. ஒரு கற்சுவரை உடைத்துக்கொண்டு போய்ச் சதுப்பில் இறங்கி, அப்படியே மூழ்கியது. சதுப்பு ஒரு ஏப்பம் விட்டது.

மார்ட்டின் தொப்பியைக் கழற்றினார். "அந்தச் சுவரு பாதிரியாரோடது," என்றார்.

மறுபடி தபாலாபீஸ்.

"மூழ்கிடுச்சா? நல்லதாப் போச்சு," என்றார் லாங்டேல். "ஆனா ஒரு சின்னச் சிக்கல். நீங்க கடல்ல இறங்கிட்டீங்கன்னு ரேடியோவுல சொல்லிட்டோம். இப்போ கப்பல்ல சாப்பிட்டுக்கிட்டு இருக்கீங்க."

காலையிலிருந்து நெவில் ஒன்றும் சாப்பிடவில்லை. "என்ன சாப்பிடறேன்?"

"ஆட்டுக்கறி. ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க."

"சார், நான் டப்ளின் போயி அங்கேர்ந்து படகு பிடிச்சு வந்துடறேன்."

"ஐயோ வேண்டாம்! பத்திரிகைக்காரங்களுக்காக உங்க மாதிரி உடையில ஒரு மாலுமிய நிறுத்தியிருக்கோம். ஹெல்மெட்டைக் கழட்டாம கை மட்டும் ஆட்டுறான். ரெண்டு க்ராப்ட்ரீ எதுக்கு? அங்கயே இருங்க, யோசிக்கிறேன்."

லாங்டேல் யோசிப்பதை நம்பி உட்கார நெவிலுக்குத் தைரியம் வரவில்லை. தானே ஒரு வழி கண்டுபிடித்தார். ஸ்டாக்போர்ட்டில் கழகம் கொடுத்திருந்த தன் வீட்டுக்குப் போன் போடச் சொன்னார். மனைவி ஹில்டா எடுத்தாள்.

"ஹில்டா, நான்தான்."

"கப்பல்லேர்ந்தா பேசறீங்க? எல்லாரும் இங்கதான் இருக்காங்க! கூடம் பூரா பத்திரிகைக்காரங்க!"

"கப்பல்ல இருக்கறது நானில்ல. மெதுவாப் பேசு. நான் அயர்லாந்துல இருக்கேன்."

"அயர்லாந்துலயா?" என்று ஹில்டா வீடே அதிரும்படி கத்தினாள்.

கூடம் முழுவதும் பேனா திறக்கும் சத்தம் போனிலேயே கேட்டது.

ஆறு மணிச் செய்தியை டெலியாவின் ரேடியோவில் மூன்று பேரும் சேர்ந்து கேட்டார்கள். கப்பலின் மேல்தளத்தில் நின்று நாட்டு மக்களுக்குக் கையசைத்துக்கொண்டிருந்த மாவீரர் நெவில் க்ராப்ட்ரீயைப் பேரலை ஒன்று அடித்துக்கொண்டு போய்விட்டதாம். கடைசிவரை சல்யூட் அடித்த கையை அவர் இறக்கவே இல்லையாம்.

"நல்ல சாவு," என்றாள் டெலியா.

நெவில் போனைப் பிடுங்காத குறையாக எடுத்தார்.

"என் ஆழ்ந்த அனுதாபங்கள், க்ராப்ட்ரீ," என்றார் லாங்டேல்.

"நான் உயிரோட இருக்கேன் சார்!"

"அது உங்க சொந்த விஷயம்."

"ஹில்டா... ஹில்டா என்ன சொன்னா?"

"ரொம்ப அழுதாங்க. கறுப்பு உடை அவங்களுக்கு எடுப்பா இருக்கு. வீட்டைக் காலி பண்ணணுமான்னு கேட்டாங்க. ஆயுசு பூரா இருக்கலாம்னு சொல்லிட்டோம்."

"நான் போன் பண்ணினேன்னு அவ சொல்லலையா?"

"சொன்னாங்க. யாரோ போக்கிரி உங்க குரல்ல பேசியிருப்பான்னு சொன்னோம். வீட்டு விஷயம் முடிவானப்புறம் அவங்களுக்கும் அப்படித்தான் தோணுச்சாம்."

நெவில் சுவரில் சாய்ந்துகொண்டார். பதினோரு வருட மணவாழ்க்கை. புறப்பட்ட அன்று காலையில் ஹில்டா அவருடைய கழுத்துப் பட்டனைச் சரிசெய்துவிட்டு, "சளி பிடிச்சுக்காதீங்க," என்றாள். விண்வெளியில் அந்த வார்த்தையை நினைத்து நினைத்துத்தான் அவர் பயத்தை விரட்டினார்.

"நாளைக்கே டப்ளின் பத்திரிகைக்குப் போறேன். எல்லாத்தையும் சொல்றேன்!"

"எதைக் காட்டிச் சொல்வீங்க, சதுப்பையா? அனுமதி இல்லாம நுழைஞ்ச பிரிட்டிஷ் ராணுவத்தான்னு உங்களைத்தான் உள்ள போடுவாங்க. யோசிங்க க்ராப்ட்ரீ. நம்ம ஹார்க்ரீவ்ஸ் வானத்துலயே எரிஞ்சு சாம்பலானாரு. விட்டேக்கர் சூரியன் பக்கமாப் போனவரு திரும்பவே இல்ல. லண்டன்ல அவங்க சிலைகளுக்கு நடுவுல உங்களுக்குப் பீடம் கட்டப் போறோம். நீங்க உயிரோட திரும்பியிருந்தா என்ன கிடைச்சிருக்கும்? ஒரு கைக்கடிகாரம்."

இணைப்பு துண்டானது.

வெளியே தூறல். வெள்ளி உடை சதுப்புச் சேற்றில் பழுப்பாகியிருந்தது. வாழ்நாள் முழுக்க நெவில் எந்த உத்தரவையும் மீறியதில்லை. ஏறு என்றார்கள், ஏறினார். சுற்று என்றார்கள், சுற்றினார். இப்போது செத்துப் போ என்கிறார்கள். கோபப்பட வேண்டும் என்று தோன்றியது. அதற்குக்கூட யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டும்போல இருந்தது.

மார்ட்டின் அவரை வீட்டுக்கு அழைத்துப் போய் வேகவைத்த உருளைக்கிழங்கையும் வெண்ணெயையும் முன்னால் வைத்தார். நெவில் தலை நிமிராமல் சாப்பிட்டார். கண்ணீர் தட்டில் விழுந்தது. மார்ட்டின் பார்க்காத மாதிரி அடுப்பைக் கிளறினார்.

"இனிமே நான் எங்க போறது ஐயா?" என்றார் நெவில்.

"எங்கயும் போக வேணாம். தொழுவத்துக்கு மேல பரண் இருக்கு, அங்க படுத்துக்க தம்பி," என்றார் மார்ட்டின். "ஆனா ஓரமாப் படு. ஏற்கனவே அங்க ரெண்டு பேர் இருக்காங்க. அதுல குட்டையானவன் தூக்கத்துல பத்து, ஒம்போது, எட்டுன்னு எண்ணுவான். பூஜ்யம் வந்ததும் உதைப்பான்."