ஞாயிற்றுக்கிழமை வண்டி வேண்டாம்

உ

கோச்சடை, மதுரை.
செவ்வாய்க்கிழமை காலை.

என் மனைவியுடன் பிறந்த சிரஞ்சீவி அருண்பாண்டிக்கு, மச்சான் அழகுராஜா ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா முத்துமீனாவும் சுகத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். அங்கே திருவாதவூரில் நீயும், உன் வீட்டாரும், மாடு கன்றுகளும், நீ ஓட்டுகிற சின்ன யானை லோடு வண்டியும் நலமாக இருக்க வேண்டும். வண்டியின் நலத்தைத் தனியாக விசாரிப்பதற்குக் காரணம் உண்டு. வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ அந்த வண்டியோடு வந்து, நான் வாங்கியிருக்கும் பாட்டு செட்டை ஏற்றிப்போய்க் கடையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று உன் அக்கா போனில் சொன்னது எனக்குத் தெரியும். நீ "சரிக்கா" என்றதும் தெரியும். வர வேண்டாம். வண்டியும் வேண்டாம். இதைப் போனில் சொன்னால் நீ "சரி மச்சான், சரி மச்சான்" என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

முதலிலிருந்து சொல்கிறேன். மில்லில் முப்பத்தொரு வருடம் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு இருக்கிற ஒரே ஆசை நாதஸ்வரம். வைத்திருக்கும் நாற்பது சிடிகளையும் ஒழுங்காக ஒரு முறை கேட்க வேண்டும் என்று பொங்கலன்று உன்னிடம்தான் சொன்னேன். நீ என்ன சொன்னாய்? "எதுக்கு மச்சான், ஒரு ப்ளூடூத் டப்பா வாங்கிப் போட்டா போச்சு" என்றாய். அந்த டப்பாவை அடுத்த வீட்டு இம்மானுவேல் வைத்திருக்கிறார். கேட்டுப் பார்த்தேன். நாதஸ்வரம் குக்கர் விசில் மாதிரி வருகிறது. அன்றைக்கே முடிவு செய்தேன், இனி யாரிடமும் யோசனை கேட்பதில்லை, நானே படித்துக்கொள்வது என்று. எட்டு மாதம் தினமும் காலையில் ஒரு வீடியோ, இருநூறு பக்க நோட்டு முழுக்கக் குறிப்பு. முதலில் ஸ்பீக்கரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், அதற்குப் பொருத்தமான ஆம்ப்ளிஃபையரை அதற்குப் பிறகு, சிடி பிளேயரைக் கடைசியில். இதை எனக்கு எந்த இன்ஜினியரும் சொல்லித்தரவில்லை.

டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்னால் அப்துல் லத்தீப் என்பவருடைய ஆடியோ கடை. போனதும் நோட்டை விரித்து, "எத்தனை வாட்ஸ்?" என்று கேட்டேன். அவர் அதற்குப் பதில் சொல்லாமல், "ஹால் எம்புட்டுப் பெருசுண்ணே?" என்றார். "அது கிடக்கட்டும், வாட்ஸைச் சொல்லுங்க" என்றேன். "அண்ணே, இது காதுகுத்துக்குத் தெருவுல கட்டுற பெட்டி இல்ல. பத்துக்குப் பதினஞ்சு ஹாலுக்கு அம்பது வாட்ஸே சாஸ்தி. ஊரையா கூப்பிடப் போறீங்க?" என்றார். அப்போதே எழுந்து வந்திருப்பேன், ஆனால் அதற்குள் என் சிடியைப் போட்டுவிட்டார். மூன்று நாள் போனேன். மூன்று நாளும் டீ அவருடையது. ஆளுயர ஸ்பீக்கர் பெட்டியில் தவில் அரிசி மூட்டையை இறக்கிப் போடுகிற மாதிரி விழுந்தது. சின்ன மரப்பெட்டி ஜோடியில் தோல் தோலாகவும் குச்சி குச்சியாகவும் கேட்டது. அதையே எடுத்தேன். "மொத நாளே இதத்தான சொன்னேன்" என்றார் லத்தீப். அவர் வாயால் சொன்னது முதல் நாள் என்றால் நான் மனத்தில் நினைத்தது அதற்கும் முந்திய நாள். பாம்புத் தண்டிக்குத் தடியாக ஒரு வயர் தொங்கியது. அது வேண்டாம், சாதாரணச் செப்பு வயர் போதும் என்றேன். "நானும் அதான் சொல்ல வந்தேண்ணே" என்றார். சொல்ல வந்தார், சொல்லவில்லை, நான் முந்திக்கொண்டேன்.

கிளம்பும்போது அவர் ஒன்று சொன்னார். இரண்டு பெட்டியையும் ஒரே சுவரோரம் ஆறடி இடைவெளியில் வைத்து, எதிரே முக்கோணத்தின் மூன்றாவது மூலையில் நான் உட்கார வேண்டுமாம். நோட்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தேன். ஆனால் எங்கள் ஹாலில் அந்தச் சுவரின் நடுவில் என்ன நிற்கிறது என்று உனக்கே தெரியும். உன் அப்பா சீராகக் கொடுத்த இரும்பு பீரோ. அதன் இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தேன். ஒரு பெட்டி வாசலை மறித்தது, இன்னொன்று பீரோவைத் திறக்கவிடவில்லை. கொஞ்சம் நகர்த்தலாமா என்று மரியாதையாகத்தான் கேட்டேன். "எங்கப்பா குடுத்த பீரோ. நான் இருக்குற வரைக்கும் அது நகராது" என்றாள் உன் அக்கா. அப்போது உனக்குப் போன் போட்டேன். நீ சிரித்துக்கொண்டே, "ரெண்டு பெட்டி, ரெண்டு பேரு. ஆளுக்கு ஒண்ணு வச்சுக்கங்க மச்சான்" என்றாய். நீ விளையாட்டுக்குச் சொல்லியிருக்கலாம். மில்லில் தீபாவளி இனிப்பைக்கூட ஒரு துண்டு கூடாமல் குறையாமல் பங்கு வைத்தவன் நான், எனக்கு அது நியாயமாகப் பட்டது. இடது பெட்டியை ஹாலில் டிவி பக்கத்தில் வைத்தேன். வலது பெட்டிக்கு நீள வயர் இழுத்து, அடுப்படியில் அரிசி டிரம் மேல் உன் அக்காவுக்கு வைத்தேன். ஆக, பிறகு நடந்த அத்தனைக்கும் மூலகாரணம் நீ.

மூன்று வாரம் வீட்டில் நிம்மதி இல்லை. ஹாலில் எனக்குத் தேன் மாதிரி நாதஸ்வரம் வரும். அடுப்படியிலிருந்து உன் அக்கா கத்துவாள்: "காலங்காத்தால என்னங்க இது, கொட்டு கொட்டுன்னு கொட்டிக்கிட்டு! பாட்டு எப்பத்தான் வரும்?" நான், "தவில் எங்கடி இருக்கு? தனி நாதஸ்வரம், எம்புட்டு அமைதியா இருக்கு!" என்பேன். "அமைதியா? அரிசி டிரம்மு அதிருதுங்க!" என்பாள். சிடியை மாற்றினால் அதே சண்டை. பழைய பதிவு எல்லாவற்றிலும் நாதஸ்வரத்தை இடது பக்கத்திலும் தவிலை வலது பக்கத்திலும் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள் என்பது நோட்டில் நாற்பத்தேழாம் பக்கத்தில் இருக்கிறது. எழுதியவன் நான்தான். சண்டை நடக்கும்போது யார் நோட்டைப் பார்ப்பார்கள்? நாற்பது வருடத்தில் முதல் முறையாக, எதிரில் இருப்பவருக்குக் காது போய்விட்டது என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போனோம். காது டாக்டரம்மா ரோகிணியிடம் போனோம். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார். நான் சத்தம் வருவதற்கு முன்பே தூக்கினேன். அதையும் ஒரு குறையாகச் சொன்னார். கடைசியில் இரண்டு பேருக்கும் காது நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். காகிதம் கைவசம் உள்ளது. இப்போதுகூட மொட்டை மாடியில் உட்கார்ந்து இதை எழுதும்போது, கீழே ஏதோ தரையில் இழுபடும் சத்தம் துல்லியமாகக் கேட்கிறது. உன் அக்கா தண்ணீர் டிரம்மை நகர்த்துகிறாள். இதைக் கேட்கிற காதா போன காது? ஆனால் டாக்டரம்மா சொன்ன பிறகும் அவள் நம்பவில்லை. காது சரி என்றால் செட்டில்தான் கோளாறு என்று அன்று மாலையே உனக்குப் போன் போட்டு வண்டி கேட்டாள்.

அதற்கடுத்த சனிக்கிழமை கரண்டியும் கையுமாக அடுப்படியிலிருந்து கிளம்பி வந்தாள். "இன்னைக்கு இத நிறுத்துறீங்களா, இல்ல நான் ஒயர அறுக்கவா" என்று ஆரம்பித்தவள், அடுப்படி வாசலைத் தாண்டாமல் அப்படியே நின்றுவிட்டாள். கரண்டியிலிருந்து குழம்பு சொட்டுகிறது. "ஏங்க, இங்க வாங்க" என்றாள். "எதுக்கு?" என்றேன். "வாங்கன்னா வாங்க. இங்கன நின்னா பீப்பியும் கேக்குது, மேளமும் கேக்குது." நாதஸ்வரத்தைப் பீப்பி என்றதை அந்த ஒரு நாள் மன்னித்தேன். போய்ப் பக்கத்தில் நின்றேன். அது ஒன்றரை ஆள் அகல வாசல், மாப்ள. இடது காதில் நாதஸ்வரம் கேள்வி கேட்கிறது, வலது காதில் தவில் பதில் சொல்கிறது. குழம்பு அடிப்பிடித்து வாசம் வந்த பிறகுதான் நகர்ந்தோம். அன்று மதியம் தயிர் சாதம். ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டேன்.

ஆகவே செட்டில் கோளாறு இல்லை, காதில் கோளாறு இல்லை. பெட்டிகள் இருக்கும் இடமே சரியான இடம். முக்கோணம் எல்லாம் அடுப்படியும் ஹாலும் ஒன்றாக இருக்கிற வெளிநாட்டு வீட்டுக்குச் சொன்னது. கோச்சடை வீட்டுக்கு அடுப்படி வாசல்தான் முறை. எந்த வீடியோவும் சொல்லாத இதை நான் கண்டுபிடித்திருக்கிறேன். மீதி இருப்பது ஒரே ஒரு சில்லறைத் தகராறு. வாசல்படியில் உட்கார்ந்தால் வீட்டுக்கு ஆகாது என்று என்னை நாற்பது வருடமாக எழுப்பிவிட்டவள், "அது தலவாசலுக்குத்தான், இது அடுப்படி" என்று சொல்லி அங்கே முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரு முக்காலிக்குத்தான் இடம். ஒரு பாட்டு அவளுக்கு, ஒரு பாட்டு எனக்கு என்று ஒப்பந்தம் போட்டோம். எப்படித்தானோ, முக்கால் மணி நேர ராகம் எல்லாம் அவள் முறையில் வருகிறது, ஐந்து நிமிடத் துக்கடா எல்லாம் எனக்கு விழுகிறது. இது எங்களுக்குள் தீர்த்துக்கொள்கிற விஷயம், பஞ்சாயத்து தேவையில்லை. "தம்பிக்கு வர வேணாம்னு சொல்லிரு" என்று நேற்று சொன்னேன். "வரட்டும், பாத்துக்கலாம்" என்றாள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆகவே திரும்பவும் எழுதுகிறேன்: பெட்டிகள் நகராது, உன் அப்பாவின் பீரோ அவர் நினைவாக நின்ற இடத்தில் நிற்கும், வண்டி வேண்டாம்.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு. குழந்தைகள் நன்றாகப் படித்து, நல்ல காதும் நல்ல புத்தியுமாக நீடு வாழ ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் மச்சான்,
அழகுராஜா

பி.கு.: எழுதி முடித்துத் தபால் தலை எடுக்கக் கீழே இறங்கினேன். தபால் தலை பீரோவில் இருக்கும். பீரோவைக் காணோம். வராந்தாவில் நிற்கிறது. பக்கத்தில் இம்மானுவேலும் லத்தீப்பும் வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து மோர் குடிக்கிறார்கள். லத்தீப்பை வரவழைத்தது உன் அக்கா. "மொத நாளே சொன்னேன்லண்ணே" என்றார். ஹாலில் இரண்டு பெட்டியும் ஒரே சுவரோரம், எதிரே இரண்டு நாற்காலி ஒட்டி ஒட்டி. "எம்புட்டு நாளைக்கு ஒருத்தர் நிக்கிறது? பேசாம உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். இடது பக்கம் நாதஸ்வரம், வலது பக்கம் தவில். நடுவில், பீரோ நின்ற அந்த வெறுஞ்சுவரிலிருந்து, ஒருவர் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறார். இருபது வருடமாக வைத்திருக்கும் சிடி, அதில் அப்படி ஒரு மனிதர் இருப்பதே எனக்குத் தெரியாது. "கேக்குதா?" என்றாள். "ம்" என்றேன். பீரோ படுக்கையறைக் கதவில் நுழையாது, வராந்தாவில் நின்றால் துருப்பிடிக்கும். உன் அப்பா கொடுத்தது உன் வீட்டில் இருப்பதுதான் முறை என்கிறாள். எனக்கும் அதுவே படுகிறது. ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வா. நல்ல கயிறாகக் கொண்டுவா. மேலே எழுதியதைத் திருத்த நேரமில்லை. நீள ராகம் ஆரம்பித்துவிட்டது, கூப்பிடுகிறாள்.