ஹாஜியார் வீட்டுத் தட்டைத் தொடாமல் ஓடியது

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
ருத்ரோத்காரி வருஷம், கார்த்திகை மாதம்

மாமா அவர்களின் சமூகத்துக்கு, மருமகப்பிள்ளை இராமலிங்கம் சேறு முழுதும் போகாத கைகளைக் கூப்பிச் செய்யும் நமஸ்காரம். இவ்விடம் உயிர் இருக்கிறது. அவ்விடம் தாங்களும் மாமியும் என் மனைவி தனலெட்சுமியும் சுகமென்று நம்புகிறேன்.

தை பிறப்பதற்குள் வேலை கிடைத்த செய்தி வந்தால்தான் தனலெட்சுமியைக் கப்பலேற்றுவேன் என்று நாகப்பட்டினம் துறைமுகத்தில் நாலு பேர் காதில் விழத் தாங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. கிருத்திகை விரதம் இருந்தால் முருகன் கண் திறப்பான் என்று மாமி எழுதியதையும் மறக்கவில்லை. மறந்திருந்தால் நேற்று எனக்கு அந்தக் கதி வந்திருக்காது.

என்னோடு அறையில் தங்கியிருக்கும் அய்யாவு ரயில்வே பட்டறையில் வேலை செய்கிறவர், எனக்கு மலாய் வாத்தியாரும் அவர்தான். கிள்ளானில் ஆற்றோரம் தேங்காய்க் கிடங்கு வைத்திருக்கும் ஒரு மலாய் ஹாஜியாருக்குக் கணக்கெழுத ஒரு கிராணி வேண்டும் என்று கேள்விப்பட்டு, "மலாய் என்னா பெரிய மலாய்! மாவ்னா வேணும், தக் மாவ்னா வேணாம். இத வச்சே நான் காலத்த ஓட்டிட்டேன் லா, தைரியமா போ தம்பி" என்று ரயிலேற்றிவிட்டார். போனேன். ஹாஜியார் என்னைப் பாயில் உட்காரவைத்து, என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, ஆற்றைக் காட்டினார், கிடங்கைக் காட்டினார், வானத்தைக் காட்டினார், வெகுநேரம் பேசினார். நான் எல்லாவற்றுக்கும் பல்லைக் காட்டினேன். பேச்சு முடிந்ததும் அவர் மனைவி ஒரு தட்டு நிறைய 'புளுட்' கொண்டுவந்து வைத்தார். பசையரிசியைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துச் சர்க்கரை தூவிய பண்டம் அது, வாசனை ஆளை இழுத்தது. ஆனால் அன்று கிருத்திகை. பச்சைத் தண்ணீரைத் தவிர வேறொன்றும் வாயில் படக்கூடாது. மரியாதையாக எழுந்து, கைகூப்பி, எனக்குத் தெரிந்த மலாயில் பாதியைச் செலவழித்து, "தக் மாவ்" என்றேன்.

மாமா, அந்த வீடே அதிர்ந்துபோயிற்று! அம்மாள் மார்பில் கைவைத்தார். ஹாஜியார் எழுந்துவிட்டார். தட்டைத் தொட்டு உதட்டைத் தொடு என்று எல்லோரும் ஜாடை காட்டினார்கள். தின்னத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து நான் வாசலுக்கு நகர்ந்தேன். அம்மாள் தட்டோடு வந்தார். படியிறங்கினேன், அவரும் இறங்கினார். செருப்பை விட்டுவிட்டு ஓடினேன். பாசார் கடைத்தெரு வழியாக முன்னால் நான், பின்னால் தட்டோடு அம்மாள், அவர் பின்னால் மகள்கள், கடைசியில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஹாஜியார், மீன் விற்கிறவர்கள்கூட வியாபாரத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கத்துகிறார்கள். ஒரு மனிதன் பலகாரம் வேண்டாம் என்றால் ஊரே திரண்டு துரத்தும் தேசம் உலகத்தில் உண்டா? படகுத்துறைப் பலகையில் கால் வழுக்கி, ஆற்றுச் சேற்றில் இடுப்புவரை இறங்கிவிட்டேன். கரையில் நின்ற அத்தனை பேரும், இதைத்தானே சொன்னோம் என்பதுபோல் தலையில் கைவைத்தார்கள். இழுத்துப் போட்டதும் அம்மாள் சேற்றைக்கூடத் துடைக்கவிடாமல் என் விரலைப் புளுட்டில் அழுத்தி என் வாயில் வைத்த பிறகுதான் மூச்சுவிட்டார்.

விரதம் போயிற்று. கூட்டத்தில் நின்ற ரயில்வே சிக்னல்காரர் செபாஸ்டியன்தான் விஷயத்தைச் சொன்னார். "என்னா தம்பி நீங்க! இந்த ஊர்ல சாப்பாடு வேணாம்னா தட்ட விரலாலயாச்சும் தொட்டுட்டுப் போவணும். தொடாம போனா பாம்பு கடிக்கும், முதல இழுக்கும்னு பயப்படுவாங்க. ஒங்க உயிரக் காப்பாத்தத்தான் அந்தம்மா இப்படி ஓடியாந்துச்சு." என்னைக் கொல்ல வருகிறார்கள் என்றல்லவா நான் ஓடினேன்! வெட்கத்தில் ஹாஜியார் முகத்தைப் பார்க்காமல் செபாஸ்டியனோடு ரயிலேறி வந்துவிட்டேன். வேலை கேட்கப் போன வீட்டுப் பெண்களைத் தெருவில் ஓடவிட்டவனுக்கு எவன் வேலை கொடுப்பான்? எனவே மாமா, தனலெட்சுமியை அனுப்பவேண்டாம். கட்டிய பெட்டியைப் பிரித்துவிடச் சொல்லுங்கள். இதை எழுதும்போது எனக்கு அழுகை வருகிறது. அடுத்த கப்பலில் நானே வந்துவிடுகிறேன்.

மாமிக்கு என் வணக்கம். விரதம் கெட்டதை மட்டும் அவர்களிடம் பக்குவமாகச் சொல்லவும்.

தங்கள் ஆசியை வேண்டும்,
இராமலிங்கம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் ஹாஜியாரும் அம்மாளும் என் செருப்போடு வாசலில் வந்து நிற்கிறார்கள்! செபாஸ்டியன் வழிகாட்டி அழைத்துவந்திருக்கிறார். காலையில் ஏன் வேலைக்கு வரவில்லை என்று ஹாஜியார் கோபிப்பதாக அவர்தான் தமிழில் சொன்னார். நேற்றே வேலையைக் கொடுத்துவிட்டாராம், புளுட் அந்தச் சந்தோஷத்துக்குத்தானாம். மேலே எழுதியது அத்தனையும் அடித்ததாக வைத்துக்கொள்ளவும். பெண்டாட்டி எப்போது வருவாள் என்று அம்மாள் கேட்டார். 'வரும் மாதம்' என்பதற்கு மலாய் தெரியவில்லை, 'நாளை' என்பதற்கு மட்டும் தெரிந்தது. செபாஸ்டியன் வாய் திறப்பதற்குள் அதைச் சொல்லிவிட்டேன். வரவேற்கத் தேங்காய் துருவ வேண்டும் என்று அம்மாள் அவசரமாகப் புறப்பட்டுவிட்டார். மாமா, தங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், முதல் கப்பலிலேயே அவளை ஏற்றுங்கள்.