கிளிக்கு விழாத ஓட்டு

"நான் கிளி மாமாவுக்கு ஓட்டுப் போட மாட்டேன்" என்று ஆலியா சொன்னதும் ஜமீலுக்கு இட்லி தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"ஏம்மா? போன வருஷம் பூரா கிளி மாமா, கிளி மாமான்னு உயிரை விட்டியே!"

"அது போன வருஷம்" என்றாள் அவன் மகள், மூன்றாம் வகுப்பு ஆலியா. "இந்த வருஷம் வேற ஆளு."

"யாரு?"

"சொல்ல மாட்டேன் அத்தா. எங்க கிளாஸே அவருக்குத்தான் போடுது. பக்கத்து கிளாஸும்."

தட்டைக் கழுவும் இடத்தில் போட்டுவிட்டு, பையை மாட்டிக்கொண்டு, வேனில் ஏறிப் போய்விட்டாள். ஜமீல் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தான். இட்லி இறங்கியது, துக்கம் இறங்கவில்லை.

ஏனென்றால் கிளி மாமாவே ஜமீல்தான்.

பகலில் திருச்சி சிங்காரத்தோப்பில் செல்போன் கவர் விற்பான். மாலையானால் பஞ்சவர்ணம் டிவி என்ற உள்ளூர் கேபிள் சேனலுக்குப் போய், ஒரு பச்சைப் பஞ்சு உடுப்புக்குள் புகுந்துகொண்டு, பிள்ளைகள் போனில் கேட்கும் கேள்விகளுக்குக் கீச்சுக் குரலில் பதில் சொல்வான். யானைக்குச் சளி பிடித்தால் யார் மூக்கைச் சிந்திவிடுவார்கள் என்பது மாதிரியான கேள்விகள். உடுப்போடு மஞ்சள் கால்களும் தைத்துத்தான் கொடுத்தார்கள். ஸ்டூடியோ எலிக்கு அவை பிடித்துப்போனதால், ஜமீல் மஞ்சள் சாக்ஸும் தன் சொந்த ரப்பர் செருப்புமாகவே கிளியாக நின்றான். ஒரு செருப்பின் வார் நீலம். மற்றது அறுந்துபோய் சிவப்பு வார் மாட்டியது. கிளியின் காலை யார் பார்க்கப்போகிறார்கள்!

உள்ளே இருப்பது யார் என்று வெளியில் தெரிந்தால் அன்றைக்கே வேறு ஆள் என்பது முதலாளி ரெங்கராஜின் கட்டளை. அதனால் சேனலுக்கு வெளியே ஜமீலின் மனைவி ஹாஜிராவைத் தவிர வேறு யாருக்கும் விஷயம் தெரியாது. ஆலியாவுக்குக்கூடத் தெரியாது. பெற்ற பெண் சோபாவில் உட்கார்ந்து கிளி மாமாவைப் பார்த்துக் கைதட்டுகிறாள் என்று ஹாஜிரா சொல்லும்போதெல்லாம் அவனுக்கு நெஞ்சு நிறைந்துபோகும்.

வருஷத்துக்கு ஒரு தடவை பஞ்சவர்ணம் டிவி, 'வாண்டு விருது' கொடுக்கும். சின்னப் பிள்ளைகள் மட்டும்தான் ஓட்டுப் போடலாம். டிவியில் வருகிறவர்களில் யாரை ரொம்பப் பிடிக்கும் என்று தங்கள் சொந்தக் குரலில் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்ப வேண்டும். எழுதி அனுப்பச் சொன்னால் அப்பாமார்களே எழுதிவிடுகிறார்கள் என்பதால் இந்த ஏற்பாடு.

போன வருஷம் முதல் பரிசு கிளி மாமாவுக்கு. ஆனால் கோப்பை ரெங்கராஜின் மேசை மேல்தான் இருக்கிறது. "கிளி யாரோடது பாய்? சேனலோடது. அப்ப கிளி வாங்குன கோப்பை யாரோடது?" என்று அவர் கேட்டுவிட்டார். ஜமீல் வீட்டுக்கு வந்து சமையலறையில் ஹாஜிராவிடம் ஒரு பாட்டம் புலம்பியதோடு சரி.

இந்த வருஷம் கோப்பையெல்லாம் யார் கேட்டார்கள், கிளி பிழைத்தால் போதும் என்றாகிவிட்டது. ஒரு ஜோசியர் தன் நிகழ்ச்சிக்கு, கிளி மாமா வரும் அதே நேரத்தைக் கேட்டு ரெங்கராஜை நச்சரித்துக்கொண்டிருந்தார்.

"இந்தத் தடவையும் கிளி முதல்ல வந்தா நீங்க நடத்துங்க. வரலேன்னா அந்த நேரம் ராசிபலனுக்கு" என்று சொல்லிவிட்டார் ரெங்கராஜ்.

கடையில் கவர் வாங்க வருகிறவர்கள் கவரைப் பார்ப்பார்கள், விலையைப் பார்ப்பார்கள், ஜமீலைப் பார்க்க மாட்டார்கள். கிளிக்குள் இருக்கும்போதோ ஊர்ப் பிள்ளைகளெல்லாம் அவனை நம்பி ரகசியம் சொன்னார்கள். அந்தச் சந்தோஷத்தை ஒரு ஜோசியருக்கு விட்டுக்கொடுக்க அவனுக்கு மனசே இல்லை.

முதல் வேலையாகத் தெருப் பிள்ளைகளைக் கூட்டி, ஆளுக்கொரு கமர்கட்டைக் கையில் வைத்து, "எல்லாரும் கிளி மாமாவுக்கே போடுங்க, என்ன?" என்றான்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டன. பிறகு கொல்லென்று சிரித்தன.

"இல்ல மாமா. நாங்க வேற ஒருத்தருக்குப் போடுறோம்."

"யாருடா அது?"

"ஆலியா சொல்லக்கூடாதுன்னிருக்கா" என்றது ஒரு வாண்டு, கமர்கட்டைக் கடவாயில் ஒதுக்கிக்கொண்டு.

ஆக, எதிர்க்கட்சித் தலைவி தன் வீட்டிலேயே தின்று தூங்குகிறாள்! ஜமீல் ஆடிப்போனான். அந்த வேற ஒருத்தர், அதே சேனலில் மேஜிக் காட்டும் சரவணனாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினான். நேரே அவரிடமே போய்க் கேட்டால், அவர் அழாத குறையாக, "எனக்கு எங்க பாய் விழுது? என் பையனே எனக்குப் போடல" என்றார்.

சேனலில் ஓட்டுகளைக் கேட்டுக் குறிக்கும் வேலை பெலிண்டாவுடையது. காலையிலிருந்து சாயந்திரம் வரை காதில் ஹெட்போனோடு பிள்ளைகளின் கத்தலைக் கேட்டுக் கேட்டு, பாவம், அவளே கத்திப் பேச ஆரம்பித்திருந்தாள்.

"யாரோ ஒரே ஆளுக்குக் கொட்டுது பாய்! அந்த ஆளு எந்த ப்ரோகிராம்ல வராருன்னே எனக்குத் தெரியல!"

"பேரென்ன?"

"அது மட்டும் கேக்காதீங்க. மேடையில பிரிக்கிற வரைக்கும் மூச்சு விடக்கூடாதுன்னு சார் சொல்லியிருக்காரு. அவருக்கே இன்னும் சொல்லல!"

"கிளிக்கு?"

பெலிண்டா ஹெட்போனைச் சரிசெய்துகொண்டாள். அதுதான் பதில்.

ஜமீல் அடுத்து செய்த காரியத்தை அவன் ஹாஜிராவிடம்கூடச் சொல்லவில்லை. கடையில் விற்பனைக்கு வைத்திருந்த பழைய போன் ஒன்றை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். மூக்கைப் பிடித்துக்கொண்டு, "எனக்குக் கிளி மாமாவைத்தான் ரொம்பப் பிடிக்கும், என் பேர் பவித்ரா, ரெண்டாம் கிளாஸ்" என்று பேசி அனுப்பினான். தைரியம் வந்ததும் சமயபுரத்திலிருந்து ஒரு ஜோதி, கைலாசபுரத்திலிருந்து ஒரு தமிழ்மணி என்று திருச்சி மாவட்டம் முழுக்கப் பிள்ளைகளைப் பெற்றுப் போட்டான்.

மறுநாள் ரெங்கராஜ் கிளி மாமா நிகழ்ச்சியின் நடுவே வந்து கேமரா முன் உட்கார்ந்தார்.

"அன்பான குட்டிகளே! யாரோ கள்ள ஓட்டுப் போட்டிருக்காங்க. கேளுங்க!"

ஜமீலின் குரல் ஊர் முழுக்க ஒலித்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசினால் அது அச்சு அசல் கிளி மாமாவின் குரல்தான் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. பவித்ராவும் கிளி, ஜோதியும் கிளி, தமிழ்மணியும் கிளி. பச்சை உடுப்புக்குள் அவன் வேர்த்து வழிந்துகொண்டிருந்தான்.

"கிளி தனக்குத்தானே ஓட்டுப் போட்டிருக்கு பாருங்க!" என்று ரெங்கராஜ் சிரித்தார். கேமரா அணைந்ததும் சிரிப்பும் அணைந்தது. "பாய், மானத்தை வாங்கிட்டீங்களே. அந்த ஓட்டெல்லாம் செல்லாது. மிச்சம் என்ன இருக்குன்னு பாருங்க."

மிச்சம் பெரிதாக ஒன்றும் இல்லை.

"பிள்ளைங்க இருக்கற இடத்துக்கே நேர்ல போங்களேன்" என்று ஹாஜிரா யோசனை சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஜமீல் யாரிடமும் கேட்காமல் கிளி உடுப்பை மூட்டையாகக் கட்டிக்கொண்டு ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினான். ஸ்ரீரங்கத்தில் இறங்கி, ஒரு சைக்கிள் ஸ்டாண்டின் மறைவில் உடுப்பை மாட்டிக்கொண்டு, சித்திரை வீதியில் போய் நின்று இறகை விரித்தான்.

"வாண்டுகளா! கிளி மாமா வந்திருக்கேன்!"

வாண்டுகள் ஓடி வந்தன. ஆனால் அவற்றை முந்திக்கொண்டு ஒரு மாமி வந்துவிட்டாள்.

"அடடா, கிளி ஜோசியத்துக்குக் கிளியே நேரா வந்துடுத்தே! குழந்தே, எம் பொண்ணுக்கு ரெண்டு வருஷமா வரன் பார்க்கறோம். எப்போ அமையும்னு சொல்லேன்."

"மாமி, நான் அந்தக் கிளி இல்ல..."

"கோச்சுக்காதேடாப்பா. இந்தா, சர்க்கரைப் பொங்கல்." அலகு வழியாகவே ஒரு கவளம் உள்ளே வந்தது. நெய் மணத்தது. வாய் நிறையப் பொங்கலோடு மறுத்துப் பேசுவது எப்படி? ஜமீல் பேசாமல் தலையை ஆட்டினான்.

"ஆமாங்கறது! தையிலே ஆயிடும்னுதான் நானும் நெனச்சேன்!"

அதோடு விட்டதா? உப்பிலியபுரத்திலிருந்து சாமி கும்பிட வந்த வெள்ளைச்சாமி என்ற பெரியவர், கிணற்றில் தண்ணீர் வருமா என்று கேட்டார். அவருக்குப் பின்னால் வரிசை மூலை திரும்பியது. பிள்ளைகளைப் பெரியவர்கள் ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். ஓட்டுப் போடுங்கள் என்று கேட்க ஒரு பிள்ளைகூட அவனுக்குக் கிட்டவில்லை. யாரோ அதைப் படம் பிடித்துப் போட, சாயந்திரத்துக்குள் ரெங்கராஜின் போனுக்கும் வந்து சேர்ந்தது.

"பாத்தீங்களா பாய்!" என்று அவர் துள்ளினார். "கிளியே போய் நின்னாலும் சனங்க கேக்குறது ராசிபலன்தான்! விருது முடியட்டும், அடுத்த வாரமே ஜோசியரை வரச் சொல்லிட்டேன்."

அன்று வீட்டில் ஜமீல் சாப்பிடவில்லை. ஆலியா வந்து மடியில் சாய்ந்துகொண்டாள்.

"அத்தா, ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. கிளி மாமா தோத்துடுவாரு போல. உனக்கு வருத்தமா இல்லையா?"

"தோக்கட்டும்" என்றாள் ஆலியா, கொஞ்சமும் இரக்கமில்லாமல். ஜமீலுக்கு அழுகையே வந்துவிட்டது.

விருது விழா ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பிள்ளைகளின் சத்தத்தில் கூரை பிய்த்துக்கொண்டு போகாததே அதிசயம். மேடையில் ஒரு பக்கம் சரவணன், நடுவில் ரெங்கராஜ், மறுபக்கம் கடைசித் தடவையாகக் கிளி. கண்ணுக்கு விட்டிருந்த ஓட்டை வழியாக, முதல் வரிசையில் ஹாஜிராவும் ஆலியாவும் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. தோற்றாலும் நன்றாகத் தோற்க வேண்டும் என்று நினைத்து அவன் இறகைப் பலமாக ஆட்டினான்.

பெலிண்டா மைக்கைப் பிடித்தாள்.

"சார், ஜெயிச்சவரு நம்ம சேனல்லயே இல்ல. எல்லாச் சேனல்லயும் தேடிப் பாத்துட்டேன். பசங்ககிட்ட கேட்டா சிரிக்குதுங்க. ஒருவேளை இங்க வந்திருந்தா தயவுசெஞ்சு மேடைக்கு வரணும். பேரு..." காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "ஆலியாவோட அத்தா!"

மண்டபம் அதிர்ந்தது. கிளியின் இறகு ஆடுவது நின்றது.

"யாரு ஆலியா? யாரு அத்தா?" என்று ரெங்கராஜ் விழித்தார்.

ஆலியா மேடையேறி வந்தாள். நேராகப் போய்க் கிளியின் இறகைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

"நான்தான் ஆலியா. இவங்கதான் எங்க அத்தா."

அலகுக்குள்ளிருந்து ஒரு விசும்பல் கேட்டது.

"உனக்கு... உனக்கு எப்பிடிம்மா தெரியும்?" என்றார் ரெங்கராஜ்.

"எல்லாருக்கும் தெரியுமே! கிளி மாமா போட்டிருக்கறது எங்க அத்தா செருப்பு. ஒண்ணு நீலம், ஒண்ணு சிவப்பு." அவள் கீழே பார்த்து, "தெரியும்தானே?" என்று கேட்க, மண்டபமே, "தெரியும்!" என்று கத்தியது. பிறகு, "கிளி மாமா! கிளி மாமா!" என்று காலை உதைத்து ஆட ஆரம்பித்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஜோசியர், தனக்கு இன்று நாள் சரியில்லை என்று எழுந்து நழுவினார்.

ரெங்கராஜ் அந்தக் கூட்டத்தைப் பார்த்தார். கிளியைப் பார்த்தார். "அடுத்த வாரமும் நீங்களே வந்துடுங்க பாய்" என்று காதோடு சொல்லிவிட்டு, கோப்பையை எடுத்துக் கிளியின் கையில் கொடுத்தார். கொடுத்தபிறகும் அவருக்கு மனசு ஆறவில்லை.

"ஏம்மா, அவருதான் கிளின்னு தெரியுமில்ல? அப்ப நேரா கிளிக்கே ஓட்டுப் போட்டிருக்கலாமே! எதுக்கு இத்தனை சுத்து?"

ஆலியா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"போன வருஷம் கிளிக்குத்தான் போட்டோம். கோப்பைய நீங்க எடுத்துக்கிட்டீங்க!"